நைன் பேட்ச் பிளாக் கால் இன்ச் குறைகிறது, எங்கே தவறு?

புதுஊசி:
குயில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைக்கத் தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. 3½ இன்ச் சதுரங்கள் ஒன்பதை வரிசைக்கு மூன்றாகச் சேர்த்தால், நைன் பேட்ச் என்கிற அந்தக் கட்டம் (பிளாக்) 9½ இன்ச் வர வேண்டுமாம். நான் தைத்த நான்குமே 9¼தான். மூலைகளும் ஒன்றோடொன்று சேரவில்லை. அளந்துதான் வெட்டினேன், துணி ஓரத்திலிருந்து கால் இன்ச் விட்டுத்தான் தைத்தேன். ‘ஸ்கேன்ட் கால் இன்ச்’, ‘நெஸ்டிங்’ என்கிறார்களே, அதெல்லாம் என்ன?

ஒட்டுத்துணி:
வெட்டு சரியென்றால் தையல்தான் துணியைத் தின்கிறது. வரிசைக்கு இரண்டு தையல், குறைவது கால் இன்ச், அதாவது இரண்டு நூல் (ஒரு நூல் என்பது அரைக்கால் இன்ச்). ஆக, தையலுக்கு ஒரு நூல் கூடுதலாகப் போகிறது. தையலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அரை நூல்தான், கண்ணுக்கே தெரியாது!

நீங்கள் சரியாகக் கால் இன்ச் விட்டிருந்தாலும் கொஞ்சம் குறையும். தையலை ஒரு பக்கம் மடித்து அழுத்தும்போது அந்த மடிப்பே சிறிது துணியை எடுத்துக்கொள்ளும். அதற்காகக் கால் இன்ச்சுக்கு ஒரு மயிரிழை குறைவாக விட்டுத் தைப்பதுதான் ஸ்கேன்ட் கால் இன்ச். ஆனால் உங்களுக்குக் குறைவது அதைவிட அதிகம். பிரஷர் ஃபுட்டின் (மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) ஓரத்தை அளவாக வைத்துத் தைத்தீர்களா? சாதாரண ஃபுட்டின் ஓரம் பெரும்பாலும் கால் இன்ச்சைத் தாண்டி இருக்கும்.

1½ இன்ச் பட்டை மூன்றை நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, அழுத்திவிட்டு அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக 1 இன்ச் இருக்க வேண்டும்.

நூல்கண்டு:
மூலைக்கு நான் சொல்கிறேன். முதல் வரிசையிலும் மூன்றாவதிலும் தையல் மடிப்பை வெளிப்பக்கமாகத் தள்ளி அழுத்துங்கள், நடு வரிசையில் உள்பக்கமாக. வரிசைகளைச் சேர்க்கும்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றையொன்று முட்டி நிற்கும், விரலிலேயே தெரியும். அதுதான் நெஸ்டிங். அங்கே ஒரு குண்டூசி குத்திவிட்டுத் தையுங்கள்.

அப்புறம், சட்டைக்கு இஸ்திரி போடுவதுபோல் இழுத்துத் தேய்க்காதீர்கள். பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்து அழுத்தினால் போதும். இழுத்தால் சதுரம் கோணிக்கொள்ளும், இழைக்குச் சாய்வாக வெட்டிய துணி என்றால் கேட்கவே வேண்டாம்.

புதுஊசி:
நடுப்பட்டை 1 இன்ச்சுக்கு ஒரு நூல் குறைவு! ஃபுட் ஓரத்தை நம்பித்தான் தைத்திருக்கிறேன். தைத்த நான்கையும் பிரிக்க வேண்டுமா?

ஒட்டுத்துணி:
பிரிக்க வேண்டாம், துணி நைந்துவிடும். ஊசியிலிருந்து கால் இன்ச்சுக்குச் சற்றுக் குறைவாக அளந்து, மெஷின் தட்டில் ஒரு டேப் ஒட்டுங்கள். துணி ஓரம் அதை உரசிக்கொண்டே போகட்டும். பழைய நான்கும் ஒரே அளவுதானே, அவற்றை மட்டும் சேர்த்துத் தலையணை உறை தைத்துவிடுங்கள். புதிய 9½ பிளாக்குகளோடு மட்டும் கலக்காதீர்கள்.

புதுஊசி:
டேப் ஒட்டி ஒரு பிளாக் தைத்தேன். 9½ வந்துவிட்டது. ஒரு மூலை மட்டும் விலகியிருக்கிறது, அதில் குண்டூசி குத்த மறந்துவிட்டேன்.