இனன்னாவைக் கும்பிட்ட ஊரில் பெண்ணுக்கு என்ன கிடைத்தது?

மண்பலகை:
பழைய நாகரிகங்களில் பெண் தெய்வம் என்றாலே பிள்ளை வரம், விளைச்சல் என்று முடித்துவிடுகிறார்கள், எனக்கு இதில் உடன்பாடே இல்லை. இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் வாழ்ந்த சுமேரியரின் பெண் தெய்வம் இனன்னாவைப் பாருங்கள். காதலும் அவளுடையது, போர்க்களமும் அவளுடையது. எரிது நகரத்து ஞானக் கடவுள் என்கியோடு உட்கார்ந்து மது குடிக்கிறாள், போதையில் அவர் அள்ளி அள்ளிக் கொடுத்த அரசாட்சி, எழுத்துக்கலை, தச்சுத்தொழில் எல்லாவற்றையும் படகில் ஏற்றி உருக் நகரத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறாள். தெளிந்ததும் பதறிப்போய் அவர் அனுப்பிய ஆட்களால் படகை மீட்க முடியவில்லை. தெய்வத்தை இப்படிக் கற்பனை செய்த சமூகம் பெண்ணை மதிக்காமலா இருந்திருக்கும்?

கோட்டைமேடு:
கதை அருமைதான் நண்பரே, ஆனால் அசீரியரின் அசூர் நகரத்துக்கு வாருங்கள். இனன்னாவே அங்கே இஷ்தார், அவளுக்குப் பெரிய கோயில். அதே ஊரில் கிடைத்த சட்டப் பலகைகள், கிமு 11ஆம் நூற்றாண்டை ஒட்டியவை, என்ன சொல்கின்றன? மணமான பெண் தெருவில் தலையை மூடித்தான் போக வேண்டும். விலைமகள் மூடிக்கொண்டு போனால் 50 பிரம்படி, தலையில் கீல் (தார்) ஊற்ற வேண்டும். அடிமைப்பெண் மூடினால் காதை அறுக்க வேண்டும். இஷ்தார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஏதென்ஸும் இப்படித்தான், ஊரின் பெயரே அதீனா என்ற பெண் தெய்வத்தோடு சேர்ந்தது, ஆனால் சபையில் பெண்ணுக்கு ஓட்டு கிடையாது.

மண்பலகை:
சட்டத்தை மட்டும் பார்த்தால் எப்படி? சிப்பார் நகரத்து நதீத்துப் பெண்கள், அதாவது தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்கள், பாபிலோன் மன்னர் ஹம்முராபி காலத்தில் நிலம் வாங்கினார்கள், வீட்டை வாடகைக்கு விட்டார்கள், அவர்கள் பெயரிலேயே ஒப்பந்தங்கள் இருக்கின்றன. கோயில் சம்பந்தம் இல்லாமல் இது நடந்திருக்குமா?

நூலகவாசி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். அவர்கள் சூரியக் கடவுள் ஷமாஷுக்கு அர்ப்பணிக்கப்பட்டவர்கள், அவர் ஆண் தெய்வம். பிள்ளை பெறக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. அப்புறம் சொத்து பெரும்பாலும் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிடும், பெண்ணை அனுப்பிய குடும்பங்களுக்கு அது வசதி. ஆகவே இதைப் பெண் தெய்வத்தின் கணக்கில் வைப்பது சரியில்லை என்று நினைக்கிறேன்.

மண்பலகை:
சரி, என்ஹெடுவன்னாவை எடுத்துக்கொள்வோம். அக்காதிய மன்னர் சர்கோனின் மகள், ஊர் (Ur) என்ற நகரத்தில் சந்திரக் கடவுள் நன்னாவின் தலைமைப் பூசாரி. 1920களில் தொல்லியலாளர் ஊலி நடத்திய அகழாய்வில் அவர் உருவம் செதுக்கிய வட்டத்தகடே கிடைத்திருக்கிறது. அவர் பெயரில் வரும் பாடலில், பதவியிலிருந்து துரத்தப்பட்டவர் தன் கடவுள் நன்னா தன்னைக் கண்டுகொள்ளவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டு, இனன்னாவிடம்தான் நீதி கேட்கிறார். அவள் காலடிக்குப் போனால் நியாயம் கிடைக்கும் என்று ஒரு பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறதே, அது போதாதா? பல நூற்றாண்டு கழித்தும் எழுத்து பழகிய மாணவர்கள் அந்தப் பாடலைப் படியெடுத்திருக்கிறார்கள்.

கோட்டைமேடு:
நமக்கு இன்று கிடைப்பவை அந்தப் பிற்காலப் படிகள் மட்டும்தான், அதனால் அவரே எழுதினாரா என்பதிலேயே அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதை விடுங்கள். அவர் மன்னர் மகள், தெற்கு நகரங்களைக் கைக்குள் வைத்திருக்க அப்பா உட்கார்த்திய இடம் அது. நான் கேட்பது நெசவுக்கூடங்களில் கம்பளி நெய்த பெண்களைப் பற்றி. அந்த ஊர் (Ur) நகரத்தை ஆண்ட மூன்றாம் அரச வம்சக் காலத்துக் கணக்குப் பலகைகளில் அவர்களின் மாதக்கூலி பார்லியாக எழுதப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் ஆண் தொழிலாளிக்குக் கொடுத்ததில் பாதிதான். அந்தப் பெண்களுக்கு இனன்னா என்ன செய்தாள் என்று ஒரு பலகையாவது காட்டுங்கள், பேசுவோம்.