கருப்பட்டி போட்டா சுகர் ஏறாதுன்னு யாருங்க கிளப்பிவிட்டது?

வள்ளி அடுப்படி:
எங்க குடும்ப வாட்சப்புல நேத்து ஒரு ஃபார்வர்டு. "சீனி விஷம், கருப்பட்டி மருந்து. சுகர் இருக்கிறவங்க கருப்பட்டி இனிப்பு தாராளமா சாப்பிடலாம்." அதை நம்பி என் நாத்தனார் தினையில கருப்பட்டிப் பொங்கல் கிண்டி என் மாமனாருக்கு ரெண்டு கிண்ணம் குடுத்துட்டாங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி 138. ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குத்திப் பாத்தா 291. மீட்டர் தப்புன்னாங்க நாத்தனார். வேற ஸ்ட்ரிப் போட்டேன், 286. 17 வருஷமா மாத்திரை போடற மனுஷர். இப்ப நான்தான் கெட்டவ, பெரியவர் ஆசையா சாப்பிட்டதைக் கணக்குப் பாக்கறேனாம்.

உடன்குடிக்காரன்:
முதல்ல அது கருப்பட்டிதானான்னு பாத்தீங்களா? இப்ப கடையில கருப்பட்டின்னு விக்கிறதுல சீனிப்பாகு கலக்காதது எது? அசல் கருப்பட்டின்னா ஏறாது. எங்க தாத்தா 84 வயசு வரைக்கும் தினம் மூணு வேளை கருப்பட்டிக் காப்பி. சுகரே கிடையாது.

மருந்துக்கடை மணி:
உங்க தாத்தாவுக்குச் சுகரே கிடையாதுன்னா அவரை எதுக்கு சாட்சிக்குக் கூப்பிடறீங்க? கேள்வி சுகர் இருக்கிறவங்களைப் பத்தி. பதநீரைக் காய்ச்சுனா தண்ணி போயி மிஞ்சறது பெரும்பாலும் சீனியில இருக்கிற அதே சுக்ரோஸ்தான். கருப்பட்டியில முக்கால்வாசிக்கு மேல அதுதான். வயித்துக்குள்ள போனா சீனி எப்படி உடையுமோ அப்படியேதான் உடையும். பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். பனையில இருந்து வந்தேன், என்னை விட்டுடுன்னு ரத்தத்துகிட்ட சிபாரிசு பண்ணாது.

உடன்குடிக்காரன்:
மாத்திரை விக்கிறவங்க வேற எப்படிப் பேசுவாங்க? எங்க ஊரு கருப்பட்டிக்கு ஜிஐ இருக்கு. கவர்மெண்டே குடுத்தது.

மருந்துக்கடை மணி:
அண்ணாச்சி, அது புவிசார் குறியீடு! எந்த ஊர்ச் சரக்குன்னு சொல்றது. சுகருக்குப் பாக்கறது வேற ஜிஐ, கிளைசெமிக் இண்டெக்ஸ். சாப்பிட்டது ரத்தத்துல எவ்வளவு வேகமா சுகரை ஏத்துதுங்கற அளவு. சீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல குடுத்தாங்க. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ல. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் இருக்கு. வள்ளியக்கா மாமனாருக்கு ஒரு டப்பா பஞ்சாமிர்தம் பார்சல் பண்ணிரலாமா?

உடன்குடிக்காரன்:
ரெண்டு ஜிஐயும் எங்களுக்குத் தெரியும். நான் சொன்னது ரெண்டாவதைத்தான். கருப்பட்டிக்கு 35, சீனிக்கு 65. நெட்டுல தேடிப் பாரும்.

மருந்துக்கடை மணி:
"கவர்மெண்டே குடுத்தது"ன்னு எழுதினது ரெண்டாவதைப் பத்தியா? சரி விடுங்க. அந்த 35 பிலிப்பைன்ஸ்ல தென்னஞ்சர்க்கரைக்குச் சொன்னது. அதே தென்னஞ்சர்க்கரையை ஆஸ்திரேலியாவுல அளந்தா 54 வந்துச்சு. பனைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? தென்னை, பனை ரெண்டும் உயரமா இருக்குங்கறதா?

உடன்குடிக்காரன்:
தென்னையும் பனையும் ஒரே குடும்பம்தான். படிச்சவரு, இது தெரியாதா?

கொங்குத் தென்றல்:
ஏனுங்க, சண்டை எதுக்கு? சர்க்கரைக்குப் பதிலா நாட்டுச்சர்க்கரை போட்டு அளவாச் சாப்பிட்டாப் போச்சு.

உடன்குடிக்காரன்:
எங்க பக்கம் சர்க்கரைன்னாலே நாட்டுச்சர்க்கரைதான். வெள்ளையா இருக்கிறது சீனி. பேரே தெரியாம வந்துட்டாவ புத்தி சொல்ல.

கொங்குத் தென்றல்:
சர்க்கரைங்கறது பழைய பேருங்க. சீனிதான் எங்கிருந்தோ வந்தது.

உடன்குடிக்காரன்:
எங்க இருந்து வந்தது? சொல்லுங்க பாப்போம். போன தீபாவளிக்கு இங்க அதிரசம் பத்திப் பேசின இழையிலயும் இப்படித்தான் நாட்டுச்சர்க்கரையைத் தூக்கிட்டு வந்தீங்க. பச்சரிசி ஈரமாவு பதம் தெரியாம மாவு கரைஞ்சு போச்சுன்னு அழுதது யாரு?

கொங்குத் தென்றல்:
அதை இன்னுமா ஞாபகம் வெச்சிருக்கீங்க. நல்லாருங்க.

வள்ளி அடுப்படி:
எனக்கு வேண்டியது வேற. மாமனாருக்கு இனிப்பே இல்லாமயும் இருக்க முடியாது, ஒளிச்சு வெச்சாலும் கண்டுபிடிச்சுடுவார். அதனால போன வாரம் பாசிப்பருப்பை வறுத்துக் குழைய வேகவெச்சு, தேங்காய்ப்பால், ஏலக்காய், சுக்கு போட்டு, இறக்கினப்புறம் ஸ்டீவியா (சீனித்துளசி இலையில எடுக்கிற இனிப்புப் பொடி) கலந்து குடுத்தேன். ராத்திரி சாப்பாட்டுல ஒரு கரண்டி சாதத்தைக் குறைச்சுட்டு, அரை டம்ளர் மட்டும். 171க்கு மேல போகலை. கடைசியில லேசாக் கசந்துச்சு, ஒரு சிட்டிகை உப்பு போட்டதும் அடங்கிடுச்சு. அதிரசம் மட்டும் ஸ்டீவியாவுல ஆகவே ஆகாது. பாகு வெச்சாத்தானே பதம் வரும்? தண்ணியும் பொடியுமா நிக்குது. தெரிஞ்சவங்க யாராவது வழி சொல்லுங்க.

பசுமை நேசன்:
ஸ்டீவியாவா? அக்கா, உலக சுகாதார நிறுவனமே 2023ல இந்த மாதிரி இனிப்பெல்லாம் வேண்டாம்னு சொல்லிடுச்சு. ஸ்டீவியாவும் அந்தப் பட்டியல்ல இருக்கு. இயற்கையா ரெண்டு பேரீச்சம்பழம் அரைச்சு ஊத்துங்க.

மருந்துக்கடை மணி:
முழுசாப் படிங்க தம்பி. உடம்பு எடையைக் குறைக்க அதை நம்பாதீங்கன்னுதான் சொன்னாங்க. ஏற்கெனவே சுகர் இருக்கிறவங்களுக்கு இந்த ஆலோசனை இல்லைன்னு அதுலயே இருக்கு. பேரீச்சையில சுகர் இல்லாம வேற என்ன இருக்கு, சுண்ணாம்பா?

உடன்குடிக்காரன்:
சுண்ணாம்புன்னதும் ஞாபகம் வருது. பதநீர் புளிச்சுக் கள்ளாகாம இருக்கக் கலயத்துல சுண்ணாம்பு தடவுவோம். அந்தச் சத்து கருப்பட்டியில இறங்கும். இரும்பு இருக்கு. சீனியில என்ன இருக்கு?

மருந்துக்கடை மணி:
இரும்பு இருக்கட்டும், சுகர் ஏறுமா ஏறாதா?

உடன்குடிக்காரன்:
அசல்னா ஏறாது.

மருந்துக்கடை மணி:
ஏறும்.

உடன்குடிக்காரன்:
நீரு அசலைக் கண்ணால பாத்திருக்கீரா? உடைச்சா உள்ள எப்படி இருக்கும், சொல்லும் பாப்போம். வெளியூர்க்காரங்களுக்குக் கருப்பா உருண்டையா இருந்தா எல்லாமே கருப்பட்டி. பனை ஏறினவன் கையைப் பாத்தவன் இப்படிப் பேச மாட்டான். எனக்கே 10 வருஷமா சுகர் இருக்கு. மாத்திரையும் போடுதேன், தினம் ரெண்டு வேளை கருப்பட்டிக் காப்பியும் குடிக்கேன். ஒண்ணும் பண்ணலை.

மருந்துக்கடை மணி:
அப்படி வாங்க வழிக்கு! காப்பி குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எவ்வளவு இருக்கும்?

உடன்குடிக்காரன்:
அதெல்லாம் நான் குத்திப் பாக்கிறதில்ல.

மருந்துக்கடை மணி:
மூணு மாச சராசரி?

உடன்குடிக்காரன்:
அது என் டாக்டருக்கும் எனக்கும் உள்ள விஷயம். உமக்கு எதுக்கு? பேச்சை மாத்தாதீரும். தென்னையும் பனையும் ஒரே குடும்பமா இல்லையா, அதுக்கு இன்னும் பதில் வரலை.

கொங்குத் தென்றல்:
சீனிங்கறது சீனாவுல இருந்து வந்த பேருன்னு எங்க தமிழய்யா சொல்லுவாருங்க.

உடன்குடிக்காரன்:
உங்க தமிழய்யா அதிரசம் சுட்டிருக்காரா?

வள்ளி அடுப்படி:
நாத்தனார் இதையெல்லாம் என் தோளுக்குப் பின்னாடி நின்னு படிச்சுட்டாங்க. உடன்குடி அண்ணாச்சிகிட்ட அசல் கருப்பட்டி ரெண்டு கிலோ கிடைக்குமான்னு கேக்கச் சொல்றாங்க.