பிரேக் மிதித்தால் வலது பின்விளக்கு மங்குகிறது: பல்பு, ஃப்யூஸ் சரி, எர்த்தும் பீப் அடிக்கிறது. கோளாறு எங்கே?

கேள்வி (வேளச்சேரி, சென்னை)

வணக்கம். வண்டி 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பார்க்கிங் லைட் மட்டும் போட்டால் பின்னால் இரண்டு பக்கமும் எரிகிறது. அப்படியே பிரேக்கை மிதித்தால் இடப்பக்கம் பளிச்சென்று வருகிறது. வலப்பக்கமோ ஏற்கெனவே எரிந்த வெளிச்சமும் குறைந்து, எண்ணெய் தீர்ந்த திரி மாதிரி ஆகிவிடுகிறது. வலது இண்டிகேட்டரைப் போட்டால் டிக்டிக் சத்தம் வேகமாக அடிக்கிறது, கூடவே பிரேக் லைட்டும் லேசாகச் சிமிட்டுகிறது. பின்கண்ணாடிக்கு மேலே உள்ள மூன்றாவது பிரேக் லைட்டில் ஒரு குறையும் இல்லை.

இரண்டு முறை பல்பு மாற்றிவிட்டேன். ஃப்யூஸ் எல்லாம் நல்லது. ஹோல்டருக்கு வரும் கறுப்பு ஒயருக்கும் (கரண்ட் பாடி வழியாகத் திரும்பும் எர்த் ஒயர்) பாடிக்கும் நடுவே மீட்டரை பீப்பில் (இணைப்பு இருந்தால் சத்தம் வரும் நிலை) வைத்தேன், சத்தம் வருகிறது, அதனால் எர்த் சரி என்று விட்டுவிட்டேன். காட்டிய பட்டறையில் பின்பக்க ஒயரிங் மொத்தமும் மாற்ற வேண்டும், 18,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள்.

அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். விடியற்காலை 5 மணிக்கு இருட்டில் கிளம்ப வேண்டும். நான் பிரேக் போடுவது பின்னால் வரும் லாரிக்குத் தெரியாதே என்று ஒவ்வொரு சிக்னலிலும் வயிற்றைக் கலக்குகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் (சேலம்)

புதுசாகப் போட்ட பல்பு எது என்று முதலில் பாருங்கள் சார். அந்த இடத்துக்கு வேண்டியது இரண்டு இழை உள்ள 21/5 வாட் பல்பு (பிரேக்குக்கு 21, பார்க்கிங்குக்கு 5). அதன் இரண்டு பக்கக் காதும் ஒன்று மேலே, ஒன்று கீழே இருக்கும். ஒற்றை இழை பல்பில் இரண்டும் சமமாக இருக்கும், அதை அழுத்தித் திருகிப் போட்டாலும் சில ஹோல்டரில் உட்கார்ந்துவிடும். அப்படிப் போட்டால் இரண்டு லைனும் ஒன்றாகிவிடும். பகலில் லைட் சுவிட்சை அணைத்துவிட்டு பிரேக்கை மிதியுங்கள். டேஷ்போர்டு வெளிச்சமும் நம்பர் பிளேட் லைட்டும் வந்தால் பல்புதான்.

கேட்டவர்

பார்த்துவிட்டேன் சார். 21/5 தான், காதுகள் மேலும் கீழுமாக இருக்கின்றன. டேஷ்போர்டில் எதுவும் எரியவில்லை.

பதில் (கோயம்புத்தூர், ஆட்டோ எலக்ட்ரீஷியன்)

தம்பி, ஒயரிங்கை மாத்திடாதீங்க. எர்த்துதான் போயிருக்கு. பீப் சத்தத்தை நம்பினதுலதான் தவறிட்டீங்க.

மீட்டர் பீப்புக்கு அனுப்புற கரண்ட் எறும்பு தூக்குற அளவுதான். நிறைய மீட்டர்ல 30 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். 21 வாட் இழைக்கு வேணுங்கிறது ஒண்ணே முக்கால் ஆம்ப். நடுவுல 10 ஓம் துரு இருந்தாலே வோல்ட்டேஜ் முக்காவாசி அங்கயே தங்கிடும். பீப் அடிச்சா ஒயர் முழுசா அறுந்து போகலைன்னு மட்டும்தான் அர்த்தம்.

வலப்பக்கம் மங்குறது இதனாலதான். ரெண்டு இழைக்கும் எர்த் ஒண்ணு. அது அடைச்சிருந்தா, பிரேக் கரண்ட் வந்ததும் அந்தப் பொது முனையே 8, 9 வோல்ட்டுக்கு எகிறிடும். பார்க்கிங் இழைக்கு ஒரு பக்கம் 12, மறுபக்கம் 9. மிச்சம் 3 வோல்ட்ல எங்க எரியும்? இண்டிகேட்டர் கரண்ட்டும் போக வழியில்லாம பிரேக் இழை வழியா சுத்திப் போகுது, அதான் ரெண்டும் சேர்ந்து சிமிட்டுது.

இப்படிப் பாருங்க. மீட்டர் டிசி 20 வோல்ட். கறுப்பு முனையை டிக்கி பூட்டு கொக்கியோட போல்ட்டுல நல்ல இரும்புல வைங்க. சிவப்பு முனையை ஹோல்டரோட கறுப்பு ஒயர்ல வைங்க. பல்பு உள்ளயே இருக்கணும். யாரையாவது பிரேக்கை மிதிச்சே இருக்கச் சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டவே கூடாது. இடப்பக்கமும் அளந்து ஒப்பிட்டுப் பாருங்க.

பதில் (கடலூர்)

வண்டி எப்போதாவது தண்ணீரில் நின்றதா? என் வண்டியிலும் மழைக்குப் பல மாதம் கழித்துத்தான் இப்படி ஒவ்வொன்றாக ஆரம்பித்தது.

கேட்டவர்

நின்றது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் வடியவில்லை, டிக்கி தரைவிரிப்பு ஊறிவிட்டது. காயவைத்துப் போட்டதோடு மறந்துவிட்டேன்.

அண்ணே, தங்கை பிரேக்கை மிதித்தாள், அளந்தேன். இடப்பக்கம் 0.08. வலப்பக்கம் 8.6 வோல்ட்! அடுத்து என்ன?

பதில் (கோயம்புத்தூர்)

கெடச்சிருச்சு. இனி சிவப்பு முனையை அந்தக் கறுப்பு ஒயர் போற வழியிலேயே நகர்த்திக்கிட்டுப் போங்க. எந்த இடத்துல 8.6 சட்டுனு பூஜ்யமாகுதோ அதுக்கு முன்னாடிதான் அடைப்பு. வலப்பக்க டிக்கி ஓரத்துல பிளாஸ்டிக் மூடிக்குள்ள எர்த் போல்ட் இருக்கும், 10 நம்பர் ஸ்பேனர் போடணும்.

கேட்டவர்

மூடியைக் கழற்றினேன். போல்ட்டில் மாட்டியிருக்கும் லக்கின் (ஒயர் நுனியில் உள்ள உலோக வளையம்) மேல் வைத்தால் 8.6. விரல் அகலம் தள்ளி, பாடித் தகரத்தில் பெயிண்டைச் சுரண்டி வைத்தால் 0.01. லக்குக்கும் தகரத்துக்கும் நடுவேதான்!

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு போல்ட்டைத் திருகினேன். முதல் சுற்றிலேயே கரகரவென்று துரு உதிர்ந்தது. லக்கின் அடிப்பக்கம் பச்சையாகக் களிம்பு ஏறிக் கிடந்தது. தகரத்தில் லக் உட்கார்ந்த வட்டம் மட்டும் செங்காவி நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

பதில் (கோயம்புத்தூர்)

தகரத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் தேய்ங்க. பழைய லக் வேணாம், ஒயர் நுனியும் கறுத்திருக்கும், ஒரு அங்குலம் வெட்டிட்டு புது லக்கை ஒயரோட அழுத்திக் கிரிம்ப் பண்ணுங்க. போல்ட்டும் புதுசு. இறுக்கின பிறகு மேல வாஸ்லின் பூசுங்க, முன்னாடி பூச வேணாம். அப்படியே இடப்பக்க போல்ட்டையும் பார்த்துடுங்க, அதுவும் அதே தண்ணியிலதான் நின்னுது.

கேட்டவர்

முடிந்தது அண்ணே. லக், போல்ட், உப்புத்தாள் எல்லாம் சேர்த்து 90 ரூபாய். இப்போது பிரேக்கை மிதித்தால் வலப்பக்கம் 0.05 வோல்ட். இண்டிகேட்டரும் பழைய நிதானத்துக்கு வந்துவிட்டது. இடப்பக்க லக்கிலும் ஓரத்தில் பச்சை துளிர்த்திருந்தது, அதையும் மாற்றிவிட்டேன். இன்று விடியற்காலை கிளம்பும்போது தங்கை பின்னால் நின்று பார்த்து, "ரெண்டும் ஒரே மாதிரி எரியுதுண்ணா" என்றாள். அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மிகவும் நன்றி.