இதழியல் முதுகலைமாணி: வழிகாட்டல் வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கையில் பட்டம் பெற்று, நான்கு ஆண்டுகளாகப் பிரதேச நிருபராகப் பணியாற்றி வரும் நான், இதழியலில் முதுகலைமாணி கற்க விரும்புகிறேன்.

எங்கள் திருகோணமலை மாவட்டத்தின் பிரதேச நிருபர்களைப் பற்றியே ஆய்வு செய்ய எண்ணியுள்ளேன். 2006 ஜனவரியில் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் உடல்களில் இருந்த துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைப் படம்பிடித்த பத்திரிகையாளர் சுகிர்தராஜன், அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அக்காலத்தில் பணியாற்றிய மூத்த நிருபர் ஒருவர் அண்மையில் தமது குறிப்புப் புத்தகத்தை என்னிடம் காட்டினார்; உப்புக்காற்றில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பல பக்கங்களில் மை கரைந்திருந்தது. இவை முற்றாக அழியுமுன் பதிவாக வேண்டும் என்பதே என் அவசரம்.

யாழ்ப்பாணம், களனி, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் பயின்றவர்கள், ஆய்வேட்டைத் தமிழில் சமர்ப்பிக்க அனுமதி உண்டா, வார இறுதி வகுப்புகளுக்கு வேலையை விடாமல் சென்றுவர இயலுமா என்பதைத் தயவுசெய்து கூறுங்கள். இந்திய அரசின் புலமைப்பரிசிலில் சென்னைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் இதழியல் கற்றவர்கள் இருப்பின், விண்ணப்பத்துடன் அனுப்பிய ஆய்வு முன்மொழிவை எவ்வாறு அமைத்தீர்கள் என்பதையும் அறியத் தந்தால் பேருதவியாக இருக்கும்.