வேலிக்குள் படுத்திருக்கும் யூனிகார்ன்: காயமா, கனிச்சாறா?

கேள்வி:
நியூயார்க் க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் யூனிகார்ன் என்ற ஒற்றைக்கொம்புக் கற்பனைக் குதிரையைக் காட்டும் ஏழு திரைச்சீலைகள் இருக்கின்றன, 1500ஐ ஒட்டிப் படங்களாகவே நெய்யப்பட்டவை. அவற்றில் ஒன்றின் படத்தை மூன்று நாட்களாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வட்டமான மரவேலி, நடுவில் வெள்ளை விலங்கு, கழுத்துப் பட்டையிலிருந்து மரத்துக்கு ஓடும் சங்கிலி. உடம்பில் சிவப்புக் கறைகள். பார்க்கப் பார்க்க மனம் கனக்கிறது. இன்னொரு சீலையில் ஈட்டியால் குத்திக் கொன்றுவிட்டார்களே, இங்கே எப்படி உயிரோடு இருக்கிறது? உயிர்த்தெழுந்த கிறிஸ்து என்று படித்தேன். அப்படியானால் சங்கிலி எதற்கு?

பதில் 1:
யாராலும் பிடிக்க முடியாத யூனிகார்ன், கன்னிப்பெண்ணின் மடியில் மட்டும் தானாக வந்து தலைசாய்க்கும் என்பது பழைய கிறிஸ்தவ விலங்குக் கதை. மரியாளின் வயிற்றில் இறங்கிய இயேசுவை அதில் கண்டார்கள். நீங்கள் படித்த விளக்கத்தின் வேர் அதுதான்.

பதில் 2:
அந்தச் சிவப்பை இன்னொரு முறை பாருங்கள். காயம் எங்கேயாவது தெரிகிறதா? இல்லை. இப்போது கண்ணை மேலே கொண்டுபோங்கள். மரத்தில் பழுத்து வெடித்த மாதுளைகள்! அவற்றின் சாறுதான் வெள்ளைத் தோலில் சொட்டியிருக்கிறது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். மாதுளை திருமணத்துக்கும் மகப்பேற்றுக்கும் அடையாளம். வேலியோ ஒரே தாவலில் தாண்டிவிடக்கூடிய உயரம். சங்கிலியும் இறுகக் கட்டியதாக இல்லை. அது போகவில்லை, அவ்வளவுதான். காதலுக்குத் தானே இசைந்து கட்டுண்டவனாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன். இந்தச் சீலை வேட்டைக் கதையின் தொடர்ச்சியாக இல்லாமல் தனியாகவே நெய்யப்பட்டிருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே செத்தது எப்படிப் பிழைத்தது என்று தவிக்க வேண்டியதில்லை.

பதில் 3:
ஒரே பொருளை எல்லாப் படங்களிலும் தேடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். ரோமின் போர்கீஸ் காட்சியகத்தில் இத்தாலிய ஓவியர் ரஃபேல் வரைந்த பெண்ணின் கையில் குட்டி யூனிகார்ன் இருக்கிறது. அங்கே அது கற்பின் சின்னம். எக்ஸ்ரே எடுத்தபோது அதன் அடியில் ஒரு நாய்க்குட்டி தெரிந்தது. பின்னாளில் யாரோ அந்தப் பெண்ணைப் புனித கேத்தரினாக மாற்றி, யூனிகார்ன்மீதே அந்தப் புனிதரின் அடையாளமான சக்கரத்தைத் தீட்டிவிட்டார்கள். 1930களில்தான் அந்தப் பூச்சை நீக்கினார்கள்.

கேட்டவர்:
மாதுளைகளைப் பார்த்துவிட்டேன். ஒரு கோடு நேராகப் பழத்துக்குக் கீழேயே தொடங்குகிறது. மூன்று நாட்களும் அதை இரத்தம் என்றே நம்பியிருந்தேன். மிகவும் நன்றி.