ஓடிபி துபாய்க்குப் போகிறது, மோட்டார் கீழக்கரையில் நிற்கிறது: கணக்கு இல்லாமல் வைஃபை ஸ்விட்சை இயக்க வழி உண்டா?

கீழக்கரைப்பெண் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

பகலில் எங்கள் வீட்டில் வாப்பாவும் உம்மாவும் மட்டும்தான். நான் ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன், காக்கா (அண்ணன்) துபாயில். போர்வெல் தண்ணீர் உப்பு, கை கால் கழுவத்தான் ஆகும். காவிரித் தண்ணீர் வரும்போது கீழ்த்தொட்டியில் நிரப்பி, மோட்டார் போட்டு மாடித்தொட்டிக்கு ஏற்ற வேண்டும். மோட்டார் ஸ்விட்ச் கொல்லைப்பக்கம். வாப்பாவுக்கு முட்டிவலி. அதனால் காக்கா ஊருக்கு வந்திருந்தபோது ஒரு வைஃபை மோட்டார் ஸ்விட்ச், ஹாலுக்கு நாலு பட்டன் டச் போர்டு, வாசலுக்கு ஒரு கேமரா என ஆன்லைனில் வாங்கி மாட்டிவிட்டுப் போனார்.

முதலில் அந்தச் செயலியில் கணக்கு தொடங்காமல் 'விருந்தினர்' என்று உள்ளே போகும் வழி இருந்தது. பிறகு ஒரு அப்டேட்டில் அதை எடுத்துவிட்டார்கள். காக்கா தன் துபாய் எண்ணில் கணக்கு தொடங்கி எல்லாக் கருவிகளையும் அதில் சேர்த்து, வாப்பா போனிலும் அதையே போட்டுக் கொடுத்தார். அடுத்த அப்டேட்டில் வாப்பா போன் வெளியே தள்ளப்பட்டுவிட்டது. மறுபடி உள்ளே போக ஓடிபி துபாய்க்குப் போகிறது, காக்கா வேலை நேரத்தில் போனை எடுக்க முடியாது. இருப்பிட அனுமதி கொடுக்காவிட்டால் செயலி அடுத்த பக்கத்துக்கே நகர மறுக்கிறது.

இன்னும் இரண்டு தொல்லை. ஃபஜ்ர் தொழுகை முடிந்த நேரத்துக்கு மோட்டார் ஓட அட்டவணை போட்டிருந்தோம். நெட் இல்லாத நாளில் அது ஓடுவதில்லை. இன்னொன்று, கரண்ட் போய் வந்தால் சில நேரம் மோட்டார் தானாக ஓடத் தொடங்குகிறது. கீழ்த்தொட்டி காலியாக இருந்தால் மோட்டார் கருகிவிடும் என்று உம்மா பயப்படுகிறார்.

வாங்கிய இடத்தின் உதவி எண்ணில், கணக்கு கட்டாயம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. வீட்டில் இருக்கிறவர்கள் சொன்னால் வீட்டுக் கருவி கேட்க வேண்டும், யாருடைய அனுமதியும் இல்லாமல். எனக்கு அது போதும். வழி சொல்லுங்கள்.

ராமேஸ்வரம் லாட்ஜ்

சகோதரி, இதற்கு இவ்வளவு கஷ்டப்பட வேண்டாம். இந்த வகைச் செயலிகள் பலவற்றில் 'வீட்டு நிர்வாகம்' பகுதியில் உங்களை உறுப்பினராகச் சேர்க்கலாம், வீட்டின் உரிமையையே மாற்றிக் கொடுக்கவும் முடியும். உங்கள் எண்ணில் ஒரு கணக்கு தொடங்கிக்கொண்டு, அண்ணன் ஓய்வாக இருக்கும்போது மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் கணக்கு தொடங்கும்போது எமிரேட்ஸ் என்று நாடு தேர்ந்திருப்பார், நீங்கள் இந்தியா தேர்ந்தால் சில செயலிகள் இரண்டையும் சேர்க்காது. அப்படியானால் அவர் கருவிகளைத் தன் கணக்கிலிருந்து நீக்கியபின் நீங்கள் புதிதாகச் சேருங்கள். எங்கள் லாட்ஜில் எல்லா அறை ஏசியும் கணக்கு வைத்துத்தான் ஓடுகிறது, ஒரு கெடுதலும் இல்லை.

கீழக்கரைப்பெண்

நன்றி அண்ணே. அவசரத்துக்கு இதைச் செய்துகொள்கிறேன். ஆனால் ஓடிபி துபாய்க்குப் பதில் எனக்கு வரும், நான் ஆபீசில் இருப்பேன். நெட் இல்லாத நாளின் கதை அப்படியேதான் இருக்கும். இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. ரமலானில் சஹருக்கு எத்தனை மணிக்கு எழுந்து விளக்குப் போடுகிறோம், வீடு எப்போது பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் முகம் தெரியாத ஒரு கம்பெனியின் சர்வரில் பதிவாக வேண்டிய அவசியம் என்ன?

தொண்டி சாலிடர்

லாத்தா (அக்கா) கேட்பது நியாயம். லாட்ஜ் அண்ணன் சொன்னது இன்றைக்கு மட்டும் உதவும்.

இந்தக் கருவிகள் வேலை செய்யும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹாலில் உட்கார்ந்து போனைத் தொட்டால், பெரும்பாலும் அந்தக் கட்டளை கம்பெனி சர்வருக்குப் போய் அங்கிருந்து திரும்பி உங்கள் கொல்லைக்கு வருகிறது. அட்டவணையையும் பல கருவிகள் சர்வரில்தான் வைத்திருக்கின்றன. நெட் இல்லாத நாளில் உங்கள் மோட்டார் ஓடாததற்குக் காரணம் அதுதான்.

சர்வர் என்றைக்கும் இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. வீட்டுக் கருவிகளை இணைக்கும் ரிவால்வ் என்ற ஹப்பை 2014-இல் நெஸ்ட் கம்பெனி வாங்கியது, 2016 மே மாதம் சேவையை நிறுத்தியது, காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் வெறும் பெட்டி மிஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஸ்விட்ச் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றன. அதே இன்ஸ்டியான் ஸ்விட்சுகளை வீட்டுக்குள் ஓடும் மென்பொருளோடு இணைத்து வைத்திருந்தவர்களுக்கு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கணக்கில்லாமல் வருடக்கணக்கில் ஓடிய ஃபிலிப்ஸ் ஹியூ விளக்குகளுக்கும் கணக்கு கட்டாயமாக்கப்போவதாக 2023-இல் அறிவித்தார்கள். வாங்கும்போது இருந்த நிபந்தனை வாங்கிய பிறகு மாறுகிறது. லாட்ஜ் அண்ணனுக்கு இதுவரை கெடுதல் வரவில்லை என்பதற்கு மேல் அவர் அனுபவம் எதையும் நிரூபிக்கவில்லை.

இனி உங்கள் டச் போர்டு. மெயினை இறக்கிவிட்டுக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்ன வைஃபை சில்லின் பெயரைப் படம் எடுத்துப் போடுங்கள். இஎஸ்பி8266 என்றால் டாஸ்மோட்டா அல்லது இஎஸ்பிஹோம் ஏற்றலாம். பிகே7231 என்றால் ஓப்பன்பெக்கன். மூன்றும் கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாகக் கருவிக்குள் ஏற்றுகிற மென்பொருள்கள், இலவசம், திறந்த மூலம். ஏற்றியபின் கருவி உங்கள் வைஃபைக்குள் தனக்கென ஒரு பக்கம் திறக்கும். போன் பிரவுசரில் அந்த முகவரியைப் போட்டால் பட்டன்கள் வரும். செயலியோ ஓடிபியோ தேவைப்படாது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். புது மென்பொருள் ஏற்றும்போது போர்டு 230 வோல்ட்டிலிருந்து முழுக்கக் கழன்று மேசைமேல் இருக்க வேண்டும். லேப்டாப்பையும் போர்டையும் இணைக்கும் யுஎஸ்பி-சீரியல் துண்டின் 3.3 வோல்ட் மட்டும் போதும். இந்தப் போர்டுகளில் பல மெயினிலிருந்து பிரிக்கப்படாத சப்ளையில் ஓடுபவை. மெயினும் லேப்டாப்பும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் லேப்டாப் போகும், உயிரும் போகலாம்.

சாலிடர் செய்ய ஆள் இல்லையென்றால் வேறு வழி உண்டு. டூயா என்ற கம்பெனியின் தளத்தில் ஓடும் கருவி என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'லோக்கல் கீ' இருக்கும். அதை எடுக்க ஒரே ஒரு முறை கணக்கு தேவை. பிறகு ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுக் கணினியிலேயே ஓடும் இலவச மென்பொருள்) அந்தச் சாவியை வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கருவியோடு பேசும். ரவுட்டரில் அந்தக் கருவிக்கு வெளி நெட்டை அடைத்துவிடலாம். மறுபடி செயலியில் சேர்த்தால் சாவி மாறிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். வெளி நெட் இல்லாவிட்டால் சில கருவிகள் அடிக்கடி இணைப்பை அறுத்து அறுத்துச் சேரும், அது இந்த வழியின் குறை.

கீழக்கரைப்பெண்

டச் போர்டில் இஎஸ்பி8266 என்று இருக்கிறது. மோட்டார் ஸ்விட்சில் பிகே7231. படம் போட்டிருக்கிறேன். டாஸ்மோட்டாவிலேயே அட்டவணை போட்டால் நெட் இல்லாவிட்டாலும் ஓடுமா?

தொண்டி சாலிடர்

பாதிக்கு ஆமாம். டாஸ்மோட்டாவில் 16 டைமர்கள் உண்டு, கருவிக்குள்ளேயே இருக்கும். ஆனால் மணி என்ன என்பதை அது நெட்டில் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. நெட் மட்டும் போனால் கவலையில்லை. கரண்டும் போய் வந்து, நெட்டும் இல்லையென்றால் அதற்கு நேரமே தெரியாது, டைமர் ஓடாது. நம் பக்கம் காற்று மழைக்கு இரண்டும் சேர்ந்தே போவதால் இதைச் சொல்கிறேன்.

வீட்டில் பழைய லேப்டாப் கிடந்தால் ஹோம் அசிஸ்டன்டை அதில் போடுங்கள். அதற்குள் நேரம் காக்கும் தனி பட்டன் பேட்டரி உண்டு, கரண்ட் போனாலும் மணி தெரியும். நேரம் பார்த்துக் கட்டளை கொடுப்பது அதன் வேலை, ஸ்விட்சுக்கு மணி தெரிய வேண்டியதில்லை. ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிவிடுங்கள்.

தங்கச்சிமடம் வயரிங்

தங்கச்சி, மோட்டார் விஷயத்துல நான் சொல்றதக் கேளும்மா. மோட்டார் தானா ஓடுதுன்னு சொன்னீல்ல, அப்ப அந்த வைஃபை பெட்டியில லைட் எரியுதா அணைஞ்சிருக்கான்னு பாரு. எரிஞ்சா, கரண்ட் வந்ததும் பழைய நிலைக்குப் போற செட்டிங். அணைஞ்சிருந்தும் மோட்டார் ஓடுதுன்னா உள்ள ரிலே (கரண்டத் திறந்து மூடுற மின் ஸ்விட்ச்) முனை ஒட்டிக்கிச்சு, அது ஆபத்து, உடனே கழட்டணும்.

1 எச்பி மோட்டார் ஓடுறப்ப 5, 6 ஆம்பியர்தான் இழுக்கும். கிளம்புற நொடியில பல மடங்கு இழுக்கும். பெட்டியில 16 ஆம்பியர்னு அச்சடிச்சிருக்கிறது ஹீட்டர் மாதிரி லோடுக்குச் சொன்ன கணக்கு. மோட்டார நேரா அதுல மாட்டவே கூடாது. நடுவுல ஒரு கான்டாக்டர் போடு, அது காயில் இழுத்து மூடுற பெரிய ஸ்விட்ச். வைஃபை ரிலே கான்டாக்டர் காயிலை மட்டும் இழுக்கும், மோட்டார் கரண்டு கான்டாக்டர் வழியாப் போகும்.

கீழ்த்தொட்டியில ஒரு ஃப்ளோட் (தண்ணி மட்டம் பார்க்கிற மிதவை ஸ்விட்ச்), மேல்தொட்டியில ஒரு ஃப்ளோட். ரெண்டையும் அந்தக் காயிலோட வரிசையில கோத்துரு. கீழ தண்ணி இல்லையா, மேல நிறைஞ்சிருச்சா, மோட்டார் ஓடாது. எந்தச் செயலி என்ன சொன்னாலும் ஓடாது. உம்மா பயத்துக்கு இதுதான் மருந்து. தண்ணிக்குள்ள கிடக்கிற வயரு, அதனால கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாம இத யாரும் செய்யக்கூடாது.

ஹாலுக்கு ஒரு வயர் இழுத்து ஒரு ஸ்விட்சும் வச்சுக் குடுங்க, வைஃபை ரிலேய மட்டும் தாண்டி, ஃப்ளோட் வழியாவே காயிலுக்கு. வாப்பா உக்காந்த இடத்துல இருந்தே போடட்டும். போனத் தேட வேண்டியதில்ல.

மண்டபம் கடலோரம்

தங்கச்சிமடம் அண்ணன் சொன்னதோடு ஒன்று. கொல்லையில் வைக்கிற எந்தப் பெட்டிக்கும் உப்புக்காற்று எமன். எங்கள் வீட்டில் செம்புக் கம்பி பச்சை பூத்து, போர்டின் கோடுகளையே தின்றுவிட்டது. மூடி இறுகி, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 பெட்டி வாங்குங்கள். வயர் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும், மேலிருந்து நுழைந்தால் பனித்தண்ணீர் வயர் வழியே உள்ளே இறங்கும். போர்டின் மேல், ஈரம் படாமல் காக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்பிரே ஒரு பூச்சு அடியுங்கள், பட்டனிலும் டெர்மினலிலும் படாமல். முடிந்தால் வைஃபை ரிலேயை வீட்டுக்குள்ளும் கான்டாக்டரை மட்டும் கொல்லையிலும் வையுங்கள்.

கீழக்கரைப்பெண்

கோடி நன்றி. பார்த்தேன், மோட்டார் தானாக ஓடும்போது பெட்டியில் விளக்கு எரிகிறது, அப்போ ரிலே ஒட்டவில்லை. கான்டாக்டர், ஃப்ளோட் வேலைக்குப் பக்கத்துத் தெரு வயரிங்காரரிடம் உங்கள் பதிலை அப்படியே காட்டினேன், சரி என்றார். டச் போர்டில் டாஸ்மோட்டா ஏறிவிட்டது. ரவுட்டரில் வெளி நெட்டைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன், வாப்பா போனிலிருந்து நாலு விளக்கும் எரிகின்றன. மோட்டாருக்கு நான் பிகே7231-ஐத் தொடவில்லை, புதிதாக ஒரு இஎஸ்பி ரிலே வாங்கி டாஸ்மோட்டா ஏற்றிவிட்டேன். அதில் கரண்ட் வந்ததும் அணைந்தே இருக்க என்ன போட வேண்டும்?

இன்னும் கேமரா பாக்கி. ரீசெட் செய்து சேர்த்தால் 'வேறு கணக்கில் உள்ளது' என்கிறது. காக்காவுக்கும் வீட்டைப் பற்றித் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும், அந்த ஆசையைக் கெடுக்க மனமில்லை.

தொண்டி சாலிடர்

டாஸ்மோட்டா கன்சோலில் (கட்டளை தட்டச்சிடும் பக்கம்) 'பவர்ஆன்ஸ்டேட்' என்ற கட்டளைக்கு 0 கொடுங்கள். கரண்ட் வந்தாலும் அணைந்தே இருக்கும். அப்படியே 'பல்ஸ்டைம்' 1300 கொடுங்கள். 100 கழித்தால் 1200 விநாடி, அதாவது 20 நிமிடத்தில் மோட்டாரைத் தானே நிறுத்திவிடும். தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறதோ அதற்கு ஏற்ப மாற்றுங்கள். கட்டளைப் பெயர்களை ஆங்கிலத்தில் தட்டச்சிட வேண்டும்.

கேமராவைப் பல கம்பெனிகள் கணக்கோடு இறுக்கிக் கட்டியிருக்கும், ரீசெட் செய்தாலும் அவிழாது. காக்கா தன் செயலியில் அதை நீக்கினால்தான் விடும். நீக்கியபின், அமைப்புகளில் ஆர்டிஎஸ்பி அல்லது ஆன்விஃப் (கேமரா படத்தை வேறு மென்பொருளுக்குக் கொடுக்கும் பொது முறைகள்) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் படத்தை நேராக ஹோம் அசிஸ்டன்ட் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் அந்தக் கேமராவோடு போராடாதீர்கள். அடுத்ததை ஆன்விஃப் என்று பெட்டியில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

காக்காவுக்கு வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல் திறக்க வேண்டாம். நம் வீட்டு இணைப்புகள் பலவற்றில் தனி பொது ஐபி (வெளியிலிருந்து நேராக வரக்கூடிய இணைய முகவரி) கிடைப்பதில்லை, போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது, செய்தால் பாதுகாப்பும் இல்லை. ஹோம் அசிஸ்டன்டிலிருந்து தானாகச் செய்தி அனுப்பும் ஒரு டெலிகிராம் பாட் வைத்து மோட்டார் ஓடியது, நின்றது, வாசலில் ஆள் வந்தால் ஒரு படம் என்று அவருக்குச் செய்தி அனுப்புங்கள். டெலிகிராமுக்கும் கணக்கு வேண்டும்தான். ஆனால் அது நின்றால் செய்தி மட்டும் நிற்கும், வீட்டில் விளக்கும் தண்ணீரும் நிற்காது. எதற்குக் கணக்கு கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று நான் பிரிப்பது இந்த ஒரு அளவுகோலில்தான்.

ராமேஸ்வரம் லாட்ஜ்

படித்தபின் நானும் ஏசி விஷயத்தை யோசிக்கிறேன். விருந்தினர் வழியை எடுத்துவிட்டதற்குப் புகார் செய்ய முடியாதா?

மண்டபம் கடலோரம்

முடியும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிவு செய்யுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். தேவைக்கு மேல் தகவல் கேட்பதற்கு எதிராக 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டமும் இருக்கிறது, ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகள் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வரும். அதனால் இப்போதைக்கு நுகர்வோர் சட்டத்தைப் பிடியுங்கள். வாங்கிய ரசீது, கணக்கில்லாமல் இயங்கும் என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்தால் அதன் படம், கட்டாய லாகின் திரையின் படம் மூன்றையும் இன்றே சேமியுங்கள். விற்பனைப் பக்கம் எப்போது வேண்டுமானாலும் மாறும்.

தங்கச்சிமடம் வயரிங்

தங்கச்சி, வேலை முடிஞ்சதும் எந்த வயர் எங்க போகுதுன்னு ஒரு தாள்ல வரைஞ்சு, வைஃபை பேர், பாஸ்வேர்டு, ஒவ்வொரு கருவியோட முகவரி எல்லாம் எழுதி உம்மாகிட்ட குடுத்து பத்திரமா வைக்கச் சொல்லு. நீ வெளியூர்ல இருக்கிறப்ப ஏதாவது கெட்டுச்சுன்னா வர்ற ஆளுக்கு அதுதான் கை குடுக்கும். ஃப்ளோட் மாட்டினதும் கீழ்த்தொட்டியக் காலியா விட்டு ஒருதடவை மோட்டார் போட்டுப் பாரு. ஓடலேன்னா சரி.