பொருள்: சுரபுன்னையில் தொங்குவதற்கு ஒரு பெயர் வேண்டும்

பாளையங்கோட்டை:
புன்னைக்காயல் முகத்துவாரத்தில் கண்டல் (அலையாத்தி மரம்) நடப்போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'புரோபகியூல்', அதாவது தாய்மரத்திலிருந்து பிரிந்து புதுச் செடியாகும் பகுதி, அதற்குத் தமிழ்ச்சொல் மட்டும் பாக்கி. 'பரவுறுப்பு' என்று எழுதினேன். ஏழாம் வகுப்புக்கு ஏறாது. 'விதை' போதுமா?

தென்காசி:
'பரவுறுப்பு' தூய சொல். பதியன், கிழங்கு எல்லாம் அதில் அடங்கும்.

புன்னைக்காயல்:
எல்லாம் அடங்குவதுதான் கோளாறு. 'விதை' அதைவிட மோசம் அண்ணாச்சி, குழி தோண்டி மூடிவிடுவார்கள். சுரபுன்னை என்ற கண்டல் வகையில் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் கணக்காக நீண்டு தொங்கும். தொப்பிக்கும் (மேலே மூடியிருக்கும் காய்) முளைக்கும் நடுவே மஞ்சள் வளையம் தெரிந்தால் முற்றிவிட்டது. தொட்டாலே கழன்று வரும். பிஞ்சிலேயே தொப்பியைப் பிடுங்கினால் குருத்து ஒடியும். பருத்த கூர்முனை கீழே, குருத்து மேலே. வற்று நேரத்தில் சேற்றில் 5 முதல் 7 செ.மீ. செருகினால் போதும். பலர் தலைகீழாகச் செருகிவிடுகிறார்கள்.

வெண்கண்டல் என்ற இன்னொரு வகையில் முளை தோலுக்குள்ளேயே இருக்கும். ஓர் இரவு தண்ணீரில் ஊறினால் தோல் கழலும். சேற்றின்மேல் வைத்து லேசாக அமுக்கணும். ஆழப் புதைத்தால் அழுகும். நண்டுத் தொல்லை உள்ள இடமென்றால் பையில் வளர்த்தே நடுங்கள்.

ஏரல்:
அப்படியானால் 'முளைகாய்'. ஊறுகாய் போல வினைத்தொகை, வல்லினம் மிகாது. 'முளைக்காய்' என்று அடித்துத் தொலைக்காதீர்கள்.

ஆழ்வார்திருநகரி:
காய் என்னத்துக்கு? ஓரறிவுயிரின் இளமைக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து எனத் தொல்காப்பிய மரபியலே தருகிறது. 'கண்டற்பிள்ளை' என்போம். தென்னம்பிள்ளை என்கிறோமே.

ஏரல்:
அடுத்த நூற்பாவையும் படியும் வே. நெல்லுக்கும் புல்லுக்கும் அது ஆகாது. புறத்தே வயிரம், அதாவது கெட்டிப் பகுதி, உள்ளது புல். அந்தக் கணக்கில் தென்னை புல்; தென்னம்பிள்ளையே வழு!

ஆழ்வார்திருநகரி:
தென்னை வழுவினால் கண்டலுக்கு என்ன வே? அது மரம்தானே.

புன்னைக்காயல்:
சண்டை இருக்கட்டும். 'பிள்ளை' என்றால் நர்சரியில் பையில் நிற்கும் நாற்று. பிள்ளை பொறுக்கிவா என்றால் பையோடு தூக்கிக்கொண்டு வருவான்.

பாளையங்கோட்டை:
சரி, 'முளைகாய்' என்றே போடுகிறேன், படத்தோடு. வெண்கண்டலுக்கு 'உள்முளைகாய்'. தென்காசியார் மன்னிக்கணும்.

தென்காசி:
சொல்லடைவிலாவது 'பரவுறுப்பு' இருக்கட்டும்.

ஆழ்வார்திருநகரி:
'உள்முளைகாய்' வாசித்து வாத்தியாருக்கு நாக்குச் சுளுக்கினால் என்னைக் கேட்காதேயும். மறுபதிப்பில் பிள்ளையோடு வருவேன்.